58 மணி நேரத்துக்கு என்ன கூலி?

‘வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் கைவேலை செய்து மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கலாம்.’ இந்த வாக்கியத்தைப் பெண்கள் இதழ்களில் படித்திருக்கிறேன், பயிற்சி வகுப்புப் பேனர்களில் பார்த்திருக்கிறேன், யூடியூபில் வாரத்துக்கு நான்கு முறையாவது கேட்கிறேன். ஆரி வேலை, பட்டு நூல் வளையல், டெரகோட்டா நகை, தஞ்சாவூர் ஓவியம், ரெசின் சாவிக்கொத்து என்று பொருள் மட்டும் மாறும். சொல்வது ஒன்றுதான்: உங்கள் பொழுதுபோக்கைத் தொழிலாக்குங்கள். முதலீடு தேவையில்லை, நேரம் ஏற்கெனவே இருக்கிறது, பிடித்த வேலை என்பதால் களைப்பும் தெரியாது, வருவதெல்லாம் லாபம்.

இந்தப் பேச்சு தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கைவேலையில் சம்பாதிக்க முடியாது என்பது என் வாதம் இல்லை. பெண்கள் சம்பாதிக்க வேண்டும், அதுவும் தாங்கள் கற்ற வித்தையில் கௌரவமாகச் சம்பாதிக்க வேண்டும் என்று முழு மனதோடு நினைக்கிறவள் நான். அதனால்தான் இந்த உபதேசத்தின் மேல் எனக்குக் கோபம். ஒரு வேலைக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்த அந்த நொடியிலேயே அதன் கூலி காணாமல் போகிறது. சம்பாதிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே, சம்பாத்தியத்தின் அடிக்கல்லைப் பிடுங்கி எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள்.

என் கணக்கையே முதலில் வைக்கிறேன்.

மதுரையில் வீட்டிலிருந்தபடி ஆரி போடுகிறேன். ஆரம்பித்தது ஆசைக்காகத்தான். அக்கம்பக்கத்தில் பார்த்துக் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன், அப்படியே ஆர்டர் வரத் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. கைக்குக் காசு வந்தது, சந்தோஷமாக இருந்தது. ஒரு கல்யாண பிளவுஸ் எடுத்தபோதுதான், என்னவோ தோன்றி, உட்கார்ந்த நேரம் எழுந்த நேரம் இரண்டையும் குறித்து வைத்தேன்.

ஆரி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். டிரேஸ் பேப்பரில் வரைந்த டிசைனை ஊசியால் துளை துளையாகக் குத்த வேண்டும். மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடரைக் குழைத்து, பஞ்சால் ஒற்றித் துணியில் இறக்க வேண்டும். துணியை ஸ்டாண்டில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். அப்புறம் வலது கை மேலே கொக்கி ஊசியோடும், இடது கை துணிக்கு அடியில் நூலோடும் வேலை செய்யும். அடியில் இருக்கிற கையைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். ஒவ்வொரு மணியையும் ஊசியில் ஏற்றி, குத்தி, நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, அடுத்த கண்ணியில் பூட்ட வேண்டும். கழுத்துக்குப் பின்புறம் ஒரு மயில், இரண்டு கைகளிலும் பார்டர், உடம்பு முழுக்கச் சிறு பூட்டா. அந்த பிளவுஸுக்கு நான் ஸ்டாண்டின் முன்னால் உட்கார்ந்தது 58 மணி நேரம்.

வாங்கிய பணம் 4,000 ரூபாய். ஜரிகை நூல், ஜர்தோசி, கட் பீட்ஸ், குந்தன் கல் எல்லாம் சேர்த்து 1,300. தைத்துக் கொடுத்த டெய்லருக்கு 800. பொருள் வாங்கப் போய் வந்த செலவு 150. மிச்சம் 1,750. அதை 58ஆல் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேர நாளுக்கு 241 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலியே 336 ரூபாய். மண் வெட்டுகிற வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் கடும் உழைப்பு. ஆனால் பல மாதம் கற்று, வருடக்கணக்கில் கை பழகிச் செய்கிற நுணுக்கமான வேலைக்கு, அரசு நிர்ணயித்த அடிமட்டக் கூலியைவிட நாளுக்கு 95 ரூபாய் குறைவு. அதற்குப் பெயர் ‘வருவதெல்லாம் லாபம்’.

அந்தக் கணக்கில் என்னை அதிகம் உறுத்தியது டெய்லரின் 800தான். அவர் கேட்டது நியாயமான விலை. லைனிங் கொடுத்து, ஆரி நசுங்காமல் தைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அவருக்கு அது அரைநாள் வேலை. அரைநாளுக்கு அவருக்கு 800, ஏழு நாளுக்கு மேல் உழைத்த எனக்கு 1,750. அவரிடம் பேரம் பேசக் கல்யாணப் பெண்ணின் வீட்டாருக்குத் தோன்றவில்லை. என்னிடம் பேசினார்கள். “வீட்ல சும்மா இருக்குற நேரத்துல போடுறதுதான மதினி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்கள். 5,000 கேட்டதை 4,000 ஆக்கினேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஊரே சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தான் அவர்கள் ஒப்பித்தார்கள்.

மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம் நினைவிருக்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே தைத்தவர்களைப் பார்த்து ‘நல்ல பொழுதுபோக்கு’ என்று எவரும் சொன்னதில்லை. அது தொழில். அதே ஊசி, அதே நூல் ஒரு பெண்ணின் கையில், வீட்டுக் கூடத்தில் இருந்தால் மட்டும் பொழுதுபோக்கு ஆகிவிடுகிறது. ஊசிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விலை பேசுகிறவருக்குத் தெரியும்.

இனி அந்த உபதேசத்தின் ஒவ்வொரு காலாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் கால், ‘சும்மா இருக்கிற நேரம்’. எந்த நேரம் அது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாக அது கணக்கிட்டது. ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. ஆக, சும்மா இருப்பதாகச் சொல்லப்படுகிற பெண், விடிந்ததிலிருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேர வேலையை முடித்துவிட்டுத்தான் ஸ்டாண்டின் முன்னால் வந்து உட்காருகிறாள். என் 58 மணி நேரத்தில் பாதிக்கு மேல் இரவு ஒன்பதரைக்குப் பிறகு உட்கார்ந்தது. அது சும்மா இருந்த நேரம் இல்லை. தூங்க வேண்டிய நேரம்.

இந்தச் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் என்றோர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் அங்கே குரோஷா ஊசியால் லேஸ் பின்னும் வேலையைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். காலப்போக்கில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆய்வு செய்து, 1982இல் நரசாபூரின் லேஸ் பின்னும் பெண்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலைக்கு மேல் நாளெல்லாம் உட்கார்ந்து பின்னுகிறார்கள். அந்த லேஸ் கடல் கடந்து போகிறது. நடுவில் ஏஜெண்டும் ஏற்றுமதியாளரும் வளர்கிறார்கள். பின்னுகிறவர்களுக்குக் கிடைப்பதோ குறைந்தபட்சக் கூலியில் ஒரு சிறு பங்கு. எப்படி இது சாத்தியம் என்று மீஸ் கேட்டார். அவர் கண்ட விடை: அவர்களைத் தொழிலாளி என்று எவரும் எண்ணவில்லை. அவர்கள் ‘இல்லத்தரசிகள்’, செய்வது ‘ஓய்வு நேர வேலை’. ஓய்வு நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அந்த ஒற்றைச் சொல்தான் அந்த வியாபாரத்தின் மூலதனமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் ஊர்ச் சுங்குடியைப் பாருங்கள். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. அசல் சுங்குடி என்றால் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சைப் பிரிக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள். போட்ட இடம் வீட்டுத் திண்ணையும் கூடமும். இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். முடிச்சுப் போட ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஏன் கிடைக்கவில்லை? அந்தப் பெண்களின் பெண்கள் படித்தார்கள், கூலி என்று ஒன்று இருக்கிற வேலைகளுக்குப் போனார்கள். ஒரு கலை அருகிப் போகும்போது ‘இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை’ என்று வருத்தப்படுகிறோம். ஆர்வம் அவர்களுக்கு இருந்திருக்கும். அதைக் கொண்டு அடுப்பெரிக்க முடியவில்லை.

இரண்டாவது கால், ‘முதலீடு இல்லாத தொழில்’. ஸ்டாண்ட், ஊசி, நல்ல விளக்கு, மணிகளும் நூலும் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் என்று எடுத்த எடுப்பிலேயே பல ஆயிரம் ஆகிறது. வகுப்புக் கட்டணம் தனி. அதைவிடப் பெரிய முதலீடு உடம்பு. மணி ஏற்றுகிறவர்களிடம் கண்ணைப் பற்றியும், தரையில் உட்கார்ந்து குனிந்தே இருப்பவர்களிடம் இடுப்பையும் கழுத்தையும் பற்றியும் கேட்டுப் பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடியின் பவர் ஏறுவதும், பிசியோதெரபிக்குப் போவதும் எந்த விலைப்பட்டியலில் இருக்கிறது? தொழிற்சாலையில் மிஷின் தேய்ந்தால் தேய்மானம் என்று கணக்கு எழுதுகிறார்கள். எங்கள் விரலுக்கும் கண்ணுக்கும் அந்தக் கணக்கு இல்லை.

முதலீடு இல்லை என்று நம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. ஒரு தெருவில் ஒருவர் ஆரி போட்ட காலம் போய், தெருவுக்கு நான்கு பேர் ஆனோம். கல்யாணங்கள் நான்கு மடங்கு ஆகவில்லை. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் சில மணி நேரத்தில் ஒரு பிளவுஸை நிரப்பித் தள்ளுகிறது. விலையைக் குறைப்பது ஒன்றே வழி என்று ஒருவர் 3,500 சொன்னார், அடுத்தவர் 3,000 சொன்னார். ஆர்டர் குறைந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் வந்த பணம் பிளவுஸில் வந்ததைவிட அதிகம். கற்றுக் கொடுப்பது குற்றமில்லை. வித்தை அப்படித்தான் பரவும். ஆனால் செய்து விற்பதில் பிழைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, செய்து விற்றால் பிழைக்கலாம் என்று சொல்லி ஆள் சேர்ப்பது சரியில்லை. இந்தச் சங்கிலியில் நிச்சயமாகச் சம்பாதிப்பவர்கள் மணி விற்பவரும், கிட் விற்பவரும், கட்டணம் வாங்குபவரும். கடைசியில் சேர்ந்த பெண்ணிடம் மிஞ்சுவது ஒரு சான்றிதழும் ஒரு பெட்டி மணியும்.

மூன்றாவது கால், ‘பிடித்ததைத்தானே செய்கிறாய்’. பிடித்த வேலைக்குக் காசு கணக்குப் பார்ப்பது அற்பத்தனம் என்று நல்லவர்கள்கூடச் சொல்கிறார்கள். கலையை விலை பேசினால் கலை செத்துவிடும் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றும் ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாக அந்த வருமானத்தில்தான் வாழ்கிறார்கள். முன்பணம் வாங்குகிறார்கள், வேலைக்குக் கூலி கேட்கிறார்கள். அதனால் அவர்கள் வார்க்கிற நடராஜரின் தூக்கிய திருவடியில் ஓர் இம்மி குறைந்துவிட்டதா? கூலி வாங்கியதால்தான் மகனுக்கு அந்த வித்தையைக் கொடுக்க முடிந்தது. கலையைக் கொல்வது காசு இல்லை. போதாத காசுதான் கொல்லும். மணிக்கு 30 ரூபாய்க்கு இரவு இரண்டு மணிவரை மயிலுக்குத் தோகை நிரப்பியபோது, எனக்கு அந்த மயிலின்மேல் வெறுப்பு வந்தது. அதே மயிலை என் தங்கை மகளின் பாவாடைக்கு, எவரும் கேட்காமல், ஒரு மாதம் எடுத்துப் போட்டபோது ஒவ்வொரு கண்ணியும் இனித்தது. பிடித்த வேலை என்பது உண்மை. அந்தப் பிடித்தத்தை விலையிலிருந்து கழித்துக்கொள்ள வாங்குகிறவருக்கு உரிமை கிடையாது.

நான்காவது கால், வெற்றிக் கதைகள். இதில் அடிக்கடி வருவது லிஜ்ஜத் அப்பளம். சமையல் தெரிந்த ஏழு இல்லத்தரசிகள் 80 ரூபாயில் ஆரம்பித்துக் கோடிகளுக்குப் போனார்கள், நீங்களும் போகலாம் என்று முடிப்பார்கள். 1959இல் மும்பையில் கிர்காவ் பகுதிக் குடியிருப்பு ஒன்றின் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் செய்தது பொழுதுபோக்கைத் தொழிலாக்கியதா? அங்கே மாவு ஒரே இடத்தில், ஒரே பக்குவத்தில் பிசைந்து தரப்படுகிறது. பெண்கள் அதை வாங்கிப்போய் வீட்டில் தேய்த்து, உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுக்கிறார்கள். எடைக்கு இவ்வளவு என்று கூலி. விற்பது, விளம்பரம் செய்வது, தரம் பார்ப்பது எல்லாம் அமைப்பின் பொறுப்பு. தேய்க்கிற ஒவ்வொரு சகோதரியும் அதன் உறுப்பினர், லாபத்தில் பங்குள்ளவர். தனியொருத்தியின் ஆசையை அவர்கள் நம்பவில்லை. முதல் நாளிலிருந்தே வேலையை வேலை என்று எண்ணினார்கள், கூலியைக் கூலி என்று கொடுத்தார்கள், கூட்டாக விலை வைத்தார்கள். லிஜ்ஜத் கதை அந்த உபதேசத்துக்குச் சாட்சி சொல்ல வந்த கதை இல்லை. சரியாகக் கேட்டால் எதிர்த்தரப்பின் சாட்சி.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா?’ வெளியே வேலைக்கு அனுப்பாத வீடு. கைக்குழந்தை. படுத்த படுக்கையாக மாமியார். அவளுக்கு அந்த 1,750 ரூபாய், கணவனிடம் கைநீட்டாமல் வாங்குகிற மாத்திரை, பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ. எல்லாவற்றுக்கும் மேல், ‘நான் சம்பாதித்தது’ என்று சொல்ல ஒரு பணம். அந்தப் பெருமை எனக்கும் தெரியும். முதல் ஆர்டர் பணத்தில் நான் வாங்கிய எவர்சில்வர் தூக்கு இன்றும் சமையலறையில் இருக்கிறது. அவளை விற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, உரிமையும் இல்லை.

ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘உன் உழைப்புக்குக் கூலி குறைவாகக் கிடைக்கிறது, வேறு வழி இல்லாததால் வாங்கிக்கொள்கிறாய், இதை உயர்த்த என்ன செய்யலாம் என்று பார்ப்போம்’ என்று சொல்வது ஒன்று. ‘நீ ஒரு தொழில்முனைவோர், வருவதெல்லாம் லாபம்’ என்று சொல்வது வேறொன்று. முதலாவது அவளை மதிக்கிறது. இரண்டாவது அவள் வாயை அடைக்கிறது. தொழில்முனைவோர் நஷ்டப்பட்டால் அது அவர் திறமைக்குறைவு. தொழிலாளிக்குக் கூலி குறைந்தால் அது அநீதி. பெயரை மாற்றியதில் அநீதி அவளுடைய குற்றமாகிவிடுகிறது.

இன்னொரு பெண்ணையும் நினைக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவில் கணவனை இழந்த ஒருவர் ஆரி போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருக்கு அது சோறு, வாடகை, பள்ளிக்கூடப் பணம். நான் கூலியை எண்ணாமல் 4,000க்குப் போட்டுக் கொடுத்தபோது, அவரிடம் போனவர்கள் என் விலையைச் சொல்லித்தான் பேரம் பேசியிருப்பார்கள். என்னுடைய பொழுதுபோக்கு அவருடைய சோற்றில் கைவைத்தது. இதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மலிவாக விற்பது தாராள குணம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாராளத்துக்கு விலை கொடுத்தவர் அவர்.

சரி, என்ன செய்வது? பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் போடுங்கள். எடுத்த ஒவ்வொரு வேலைக்கும் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் குறியுங்கள். உங்கள் ஊரில் ஒரு நல்ல டெய்லரோ கொத்தனாரோ வாங்கும் நாள்கூலியைப் பார்த்து உங்கள் மணிக்கூலியை முடிவு செய்யுங்கள். பொருள் செலவு, அந்தக் கூலி, போக்குவரத்து, மின்சாரம், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது அடக்க விலை. அதற்கு மேல் வருவதுதான் லாபம். நமக்குச் சொல்லித் தந்தவர்கள் வேண்டுமென்றோ தெரியாமலோ விட்டுவிட்ட பாடம் இதுதான்: கூலியும் லாபமும் ஒன்றல்ல. கூலியை எடுக்காமல் மிஞ்சுவதை லாபம் என்று எண்ணினால், நம் சோற்றையே எடுத்து நமக்கு விருந்து வைத்துக்கொள்கிறோம்.

கூட்டிப் பார்த்து அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால், அதுவும் பயனுள்ள செய்தி. டிசைனைச் சுருக்கலாம். நேரத்தைத் தின்கிற பூட்டாவை விட்டுவிட்டுக் கழுத்தும் கையும் மட்டும் போடலாம். நான்கு பேர் சேர்ந்து மொத்தமாகப் பொருள் வாங்கலாம், சேர்ந்தே ஒரு விலைக்குக் கீழே போவதில்லை என்று பேசிக்கொள்ளலாம். நம் ஊரில் பெண்கள் கூடிச் செய்வது புதிதில்லை; 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கின்றன. கடனும் சேமிப்பும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் கூலியும் பேசப்பட வேண்டும். அல்லது, இந்த வேலை எனக்கு ஆசைக்கு மட்டும் போதும், வருமானத்துக்கு வேறு வேலை தேடுகிறேன் என்று முடிவெடுக்கலாம். அது தோல்வி இல்லை. கைவேலை தெரிந்த ஒவ்வொருவரும் அதை விற்றே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

தொழில் என்று முடிவு செய்தால் அதற்குரிய உரிமைகளையும் கேட்டு வாங்குங்கள். குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகரை வாசலோடு அனுப்புங்கள். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியில் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் இருக்கின்றன. தையல் தொழிலாளர்களுக்கு ஒன்று, கைவினைத் தொழிலாளர்களுக்கு ஒன்று. வீட்டிலிருந்து ஊசி பிடிக்கிற எத்தனை பேர் அதில் பதிவு செய்திருக்கிறோம்? தொழிலாளி என்று நம்மை நாமே நினைக்காததால் அந்தப் படிவத்தை நாம் தேடுவதே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் மற்றத் தொழிலாளர்களைப் போல நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலோ வீடுசார் தொழிலாளி என்பவர் யார் என்ற வரையறை இருக்கிறது. சட்டமே தொழிலாளி என்று எழுதிவிட்ட பிறகும், நாம் ஏன் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

பயிற்சி தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் செயின் தையல் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், அடக்க விலை போடச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைப் பேனரில் அந்த 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதற்குப் பிறகும் வருகிறவர்கள் கண் திறந்து வருவார்கள், நெடுநாள் நிற்பார்கள்.

அந்தக் கல்யாண பிளவுஸுக்குப் பிறகு நான் விலையை மாற்றினேன். மணிக்கு 75 ரூபாய் கூலி வைத்தேன். 58 மணி நேரத்துக்கு 4,350. பொருள், டெய்லர், போக்குவரத்து 2,250. விளக்கு, ஊசி, தேய்மானத்துக்கு 200. அடக்க விலை 6,800. அதில் 15 சதவீதம், 1,020 ரூபாய் லாபம். மொத்தம் 7,820. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த முகூர்த்த மாதத்தில் அப்படிப்பட்ட வேலை கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கேட்ட மாத்திரத்தில் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த பெண்ணின் அம்மா விலைச்சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். “அம்பத்தெட்டு மணி நேரமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மாதிரித் துணியில் இருந்த மயிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்பணத்தை எண்ணி வைத்தார்.

போன இரண்டு பேரால் எனக்கு நஷ்டம் என்று வீட்டில் சொன்னார்கள். பழைய விலைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் 3,500 ரூபாய் வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கு வேறு. அந்த இரண்டு பேருக்கும் நான் கொடுத்திருக்கக்கூடியது 116 மணி நேரம். அது இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் கொஞ்சம் தூங்கினேன். மிச்சத்தில் தங்கை மகளின் பாவாடைக்கு இன்னொரு மயில் போட ஆரம்பித்திருக்கிறேன். அதற்கு விலை கிடையாது. அதுதான் என் பொழுதுபோக்கு.